பயிருக்கு மணிச்சத்துப் பசி தெரிவது எப்படி?

நடவு முடிந்து மூன்று வாரம் ஆன நெல் வயல்களில் சில நேரங்களில் இந்தக் காட்சியைக் காணலாம். பயிர் நல்ல கரும்பச்சையாக இருக்கும். இலைகள் ஒடுங்கி, விறைப்பாக நிமிர்ந்து நிற்கும். வரப்பில் நின்று பார்ப்பவர்கள் ‘பயிர் பச்சை பிடித்துவிட்டது, தழைச்சத்துக்குக் குறைவில்லை’ என்று மகிழ்ந்து போவதுண்டு. ஆனால் வயலில் இறங்கிக் குத்துகளை விரித்து எண்ணிப் பார்த்தால் தூர் கட்டவில்லை என்பது தெரியும். சில ரகங்களில் அடி இலைகளில் ஊதா கலந்த சிவப்பும் ஓடியிருக்கும். இது செழிப்பால் வந்த பச்சை அல்ல. மணிச்சத்துப் பசியால் வந்த பச்சை. இலையின் வளர்ச்சி தடைப்பட்டு, பச்சையம் மட்டும் சிறிய இலைக்குள் நெருக்கமாகத் தங்கிவிடுவதால்தான் நிறம் கருக்கிறது.

இந்தப் பசியை விவசாயி கண்டுகொள்வதற்குப் பல நாட்கள் முன்னதாகவே பயிர் கண்டுகொள்கிறது. பயிரின் ஒவ்வோர் உயிரணுவும் தன்னிடம் மணிச்சத்து எவ்வளவு இருக்கிறது என்று ஓயாமல் அளந்துகொண்டே இருக்கிறது. குறைந்தால் ஒரு விதமாகவும், நிறைந்தால் வேறு விதமாகவும் நடந்துகொள்கிறது. இந்த அளவீடு எப்படி நடைபெறுகிறது என்பதைக் கடந்த 25 ஆண்டுகளில் நடந்த ஆராய்ச்சிகள் பெருமளவு விளக்கிவிட்டன. செடிக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டு விவசாயிக்கு ஆவதென்ன என்று கேட்கலாம். ஒரு மூட்டை டி.ஏ.பி.யை எப்போது வாங்கியே தீர வேண்டும், எப்போது வாங்காமல் இருக்கலாம் என்பதற்கான காரணம் அங்கேதான் இருக்கிறது.

மேட்டுக்கு இறைக்கும் வேர்

மணிச்சத்து என்பது பாஸ்பரஸ். வேர் அதைப் பாஸ்பேட் உப்பாகத்தான் உறிஞ்சும். உயிரணு பெருகுவதற்கும், அதன் சவ்வு அமைவதற்கும், வெயிலில் இலை சேர்த்த சக்தியைப் பயிரின் மற்ற பாகங்கள் பயன்படுத்துவதற்கும் பாஸ்பேட் இல்லாமல் முடியாது. தழைச்சத்தையாவது பயறுவகைப் பயிர்கள் காற்றிலிருந்து சேர்த்துக்கொள்கின்றன. மணிச்சத்துக்கு அந்த வழியும் கிடையாது. மண்ணிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

மண்ணிலோ பெரும் சிக்கல் இருக்கிறது. கரிசலில் போட்ட பாஸ்பேட்டைச் சுண்ணாம்பு பிடித்துக்கொள்கிறது. செம்மண்ணிலும் செம்புறை மண்ணிலும் இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொள்கின்றன. மண் துகள்களுக்கு இடையே உள்ள நீரில் கரைந்து, வேர் உடனே எடுத்துக்கொள்ளக்கூடிய நிலையில் இருப்பது மிகவும் அற்பம். பெரும்பாலான நிலங்களில் ஒரு லிட்டர் மண்நீரில் ஒரு மில்லிகிராமில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. உயிரணுவுக்குள் இருக்க வேண்டிய அடர்த்தி இதைப்போல் பல நூறு மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்கு. பள்ளத்துக் கிணற்றுத் தண்ணீரை மேட்டு வயலுக்கு ஏற்றம் போட்டு இறைப்பது போன்ற வேலை இது. வேரின் உயிரணுச் சவ்வில் அமைந்துள்ள தனிவகைப் புரதங்கள் இந்த ஏற்றத்தை இறைக்கின்றன. நெல்லில் மட்டும் இப்படிப்பட்ட ஏற்றப் புரதங்கள் 13 வகை இருப்பதாகக் கண்டுள்ளனர். ஒவ்வொரு பாஸ்பேட்டையும் உள்ளே இழுக்கப் பயிர் தன் சக்தியைச் செலவிட வேண்டியிருக்கிறது. அதனால் தேவையில்லாதபோது ஏற்றத்தை நிறுத்திவைக்கவும் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உள்ளே ஒரு குதிர்

இறைத்து வந்த பாஸ்பேட் முழுவதையும் உயிரணு உடனே செலவு செய்துவிடுவதில்லை. வளர்ந்த உயிரணுவின் நடுவில் பெரிய நீர்ப்பை ஒன்று உண்டு. மிச்சப் பாஸ்பேட்டை அதில் கொட்டி வைக்கிறது. வீட்டுக் குதிர் போன்றது அது. மணிச்சத்து தாராளமாகக் கிடைக்கும் பயிரின் இலையில் தனியாக இருக்கும் பாஸ்பேட்டில் பெரும்பகுதி இந்தக் குதிரில்தான் இருக்கும். வரத்து நின்றால் குதிரிலிருந்து எடுத்துச் செலவு நடக்கும். அதனால்தான் மண்ணில் மணிச்சத்து தீர்ந்துபோனாலும் சில நாட்கள் வெளியே எந்த மாற்றமும் தெரிவதில்லை.

குதிரும் காலியாகும்போது உயிரணு தன் வீட்டுச் சாமான்களையே எடுத்து விற்கத் தொடங்குகிறது. சவ்வில் உள்ள பாஸ்பேட் கலந்த கொழுப்பை உடைத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கந்தகமும் சர்க்கரையும் கலந்த வேறு கொழுப்பை வைத்துச் சமாளிக்கிறது. முதிர்ந்த இலைகள் தம்மிடம் உள்ளதைக் குருத்துக்கு அனுப்பிவிடுகின்றன. மணிச்சத்துக் குறைவின் அறிகுறி எப்போதும் அடி இலையில் முதலில் தோன்றுவதும், குருத்து கடைசி வரை நன்றாக இருப்பதும் இதனால்தான்.

எட்டுப் பாஸ்பேட் ஏந்திய வளையம்

இவ்வளவையும் நடத்துவதற்கு யாரோ கணக்குப் பார்க்க வேண்டுமல்லவா? உயிரணுவில் பாஸ்பேட்டை நேரடியாக எண்ணும் கருவி எதுவும் இல்லை. அது வேறு ஒரு பொருளை அடையாளமாக வைத்துக்கொண்டு அளக்கிறது.

அரிசித் தவிட்டில் ஃபைட்டிக் அமிலம் என்று ஒன்று இருப்பதைக் கோழி, பன்றி வளர்ப்பவர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். தீவனத்தில் உள்ள இந்த மணிச்சத்து அவற்றுக்குச் சரியாகச் செரிப்பதில்லை. சர்க்கரையைப் போன்ற சிறு வளையம் ஒன்றில் ஆறு பாஸ்பேட்டுகள் ஒட்டியிருப்பதே ஃபைட்டிக் அமிலம். விதைக்குள் உள்ள மணிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இப்படித்தான் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. முளைக்கும் விதை முதல் சில நாட்களுக்கு இதை உடைத்துத்தான் சாப்பிடுகிறது.

உயிரணுவில் பாஸ்பேட் நிறைவாக இருக்கும்போது, இதே வளையத்தின் மேல் இன்னும் இரண்டு பாஸ்பேட்டுகள் ஏற்றப்படுகின்றன. ஆறு எட்டாகிறது. பாஸ்பேட் குறைந்தால் இந்த எட்டுப் பாஸ்பேட் வளையமும் குறைந்துவிடுகிறது. எனவே இந்த வளையம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தாலே இருப்பு நிலை தெரிந்துவிடும். இதைப் பார்த்து உணரும் புரதத்தின் பெயர் எஸ்.பி.எக்ஸ். சுவிட்சர்லாந்தில் ஜெனீவா, லாசான் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த விஞ்ஞானிகள் 2016-ஆம் ஆண்டில் இதை விளக்கினார்கள். செடிகளில் இந்த அடையாளம் எட்டுப் பாஸ்பேட் வளையமே என்பது 2019-இல் உறுதியானது.

இன்னொரு புரதம் உண்டு. அதன் பெயர் பி.எச்.ஆர். ஸ்பெயின் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2001-இல் கண்டுபிடித்தது. வயல் வேலைக்கு ஆட்களை விரட்டி அனுப்பும் மேஸ்திரியைப் போன்றது. இந்த மேஸ்திரி உயிரணுவின் உட்கருவுக்குள் போய் மரபணுக்களின் மேல் அமர்ந்துவிட்டால், பசிக் காலத்து வேலைகள் நூற்றுக்கணக்கில் தொடங்கிவிடும்.

பாஸ்பேட் நிறைவாக இருக்கும்போது எட்டுப் பாஸ்பேட் வளையம் பசை போல் நடுவில் நின்று, எஸ்.பி.எக்ஸ். புரதத்தையும் மேஸ்திரியையும் ஒன்றாக ஒட்டி வைக்கிறது. பிடிபட்ட மேஸ்திரியால் வேலை வாங்க முடியாது. பாஸ்பேட் குறைந்தால் பசை இல்லை. பிடி விடுகிறது. மேஸ்திரி வேலைக்குப் போய்விடுகிறார். ஏற்றப் புரதங்கள் கூடுதலாக உண்டாகின்றன. வேரில் உள்ள நுண் முடிகள் நீளுகின்றன. மண்ணில் மக்கிய பொருளில் சிக்கியுள்ள பாஸ்பேட்டைப் பிரித்தெடுக்கும் நொதிகளை வேர் வெளியே விடுகிறது. சவ்வுக் கொழுப்பை மாற்றும் வேலையும் இவர் உத்தரவில்தான் நடக்கிறது.

எஸ்.பி.எக்ஸ். அமைப்பு நெல்லுக்கு மட்டும் உரியதல்ல. மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்டிலும், மனித உடலிலும்கூட இதன் உறவுப் புரதங்கள் உள்ளன. பாஸ்பேட் கணக்கு உயிர்களுக்கு எவ்வளவு பழைய கணக்கு என்பது இதிலிருந்து தெரிகிறது.

தூர் ஏன் நின்றுபோகிறது?

மணிச்சத்து இல்லாததால் பயிர் சோர்ந்துபோய்த் தூர் கட்டாமல் விட்டுவிடுகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மை அப்படி அல்ல. தூர் வேண்டாம் என்று பயிரே முடிவு செய்து, அடிக்கணுவில் உள்ள மொட்டுகளை அடக்கி வைக்கிறது.

பசி வந்ததும் நெல் வேர் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளை அதிகமாகத் தயாரிக்கிறது. இந்தப் பெயர் வந்த கதை விவசாயிகளுக்குச் சுவையாக இருக்கும். கரும்பிலும் சோளத்திலும் வேரை ஒட்டி உறிஞ்சி வாழும் சுடுமல்லி என்ற ஒட்டுண்ணிக் களை தெரிந்ததுதான். அதன் விதை மண்ணில் பல ஆண்டுகள் தூங்கிக் கிடக்கும். பயிரின் வேர் அருகில் வந்தால்தான் முளைக்கும். வேர் அருகில் வந்தது அதற்கு எப்படித் தெரிகிறது என்று தேடியபோது, வேரிலிருந்து கசியும் ஒரு பொருளே காரணம் என்று 1966-இல் தெரிந்தது. முதலில் பருத்தி வேரின் கசிவிலிருந்துதான் அதைப் பிரித்தெடுத்தார்கள். தன்னை அழிக்கும் களையை எழுப்புவதற்கென்று எந்தப் பயிரும் ஒரு பொருளைத் தயாரிக்காதே, இதன் உண்மையான வேலை என்ன என்ற கேள்விக்கு ஏறக்குறைய 40 ஆண்டுகள் விடை கிடைக்கவில்லை.

2005-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் ஒரு பாதியைக் கண்டுபிடித்தார்கள். மண்ணில் வாழும் வேர்ப் பூசணத்தை அழைப்பதற்காகப் பயிர் விடும் தூது இது. வேம் என்ற பெயரில் உரக் கடைகளில் விற்கப்படுவது இந்த வகைப் பூசணந்தான். இது நோய் உண்டாக்கும் பூசணம் அல்ல. வேருக்குள் குடியேறி, மெல்லிய இழைகளை மண்ணில் வெகுதூரம் பரப்பி, வேர் எட்டாத இடத்திலிருந்து பாஸ்பேட்டைக் கொண்டுவந்து கொடுக்கும். கூலியாகச் சர்க்கரையும் கொழுப்பும் பெற்றுக்கொள்ளும். மறுபாதி 2008-இல் தெரிந்தது. இதே பொருள் செடிக்குள் மேலேறிப் போய், பக்கக் கிளைகளையும் தூர்களையும் அடக்கி வைக்கும் வளர்ச்சி ஊக்கியாகவும் வேலை செய்கிறது. நெல்லில் இதைச் சோதித்தும் பார்த்துள்ளனர். பாஸ்பேட் இல்லாத கரைசலில் வளர்த்த நெல்லில் ஸ்ட்ரைகோலாக்டோன் கூடித் தூர் குறைந்தது. அந்தப் பொருளைத் தயாரிக்க முடியாத நெல்லிலோ, பசியிலும் தூர் அடங்கவில்லை.

குடும்பத்தில் வரவு குறைந்தால் புதுச் செலவைத் தள்ளிப்போடுவது போன்ற செயல்தான் இது. பத்துத் தூர் வெடித்து எல்லாம் பதராகப் போவதைவிட நான்கு தூர் நல்ல கதிர் வைக்கட்டும் என்று பயிர் கணக்குப் போடுகிறது. பயிரின் வம்சத்துக்கு அது சரி. ஆனால் விவசாயியின் மகசூலுக்கு அது பெரும் நஷ்டம். தூர் கட்டும் பருவம் கடந்துவிட்டால் பிறகு எத்தனை மூட்டை மணிச்சத்து இட்டாலும் அடங்கிப்போன தூரைத் திரும்பப் பெற முடியாது. மணிச்சத்து முழுவதையும் அடியுரமாகவே இட வேண்டும் என்று வேளாண் துறை திரும்பத் திரும்பச் சொல்லிவருவதன் உட்பொருள் இதுதான். மேலுரமாக இடும் டி.ஏ.பி. பெரும்பாலும் காலம் கடந்த உதவிதான். தவிர, மண்ணில் பாஸ்பேட் நகர்வது ஒரு பருவம் முழுவதற்கும் சில மில்லிமீட்டர் தூரமே. மேலே தூவியது வேர் இருக்கும் ஆழத்துக்கு இறங்குவது அரிது.

இலை அனுப்பும் சீட்டு

வேர் மட்டும் தன் பசியைப் பார்த்துக்கொண்டால் போதாது. மேலே இலைக்கு எவ்வளவு வேண்டும் என்பதும் வேருக்குத் தெரிய வேண்டும். இதற்காக இலை ஒரு சீட்டு எழுதி அனுப்புகிறது என்றே சொல்லலாம். நுண் ஆர்.என்.ஏ. எனப்படும் மிகச் சிறிய துணுக்கு அது. உணவு இறங்கும் குழாய் வழியாகவே இந்தச் சீட்டும் வேருக்கு இறங்குகிறது. வேரில் ஏற்றப் புரதங்களை அவ்வப்போது அழித்துக் கட்டுப்படுத்தும் கண்காணிப்பாளர் புரதம் ஒன்று இருக்கிறது. சீட்டு வந்ததும் அந்தக் கண்காணிப்பாளர் உருவாவதே தடைப்படுகிறது. ஏற்றங்கள் தடையின்றி ஓடத் தொடங்குகின்றன.

இதை நிரூபித்த விதம் மாவுக்கு ஒட்டுக்கட்டிப் பழகியவர்களுக்கு எளிதில் விளங்கும். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில், இந்தச் சீட்டை ஏராளமாகத் தயாரிக்கும் செடியின் தலையைச் சாதாரணச் செடியின் வேரின் மேல் ஒட்டினார்கள். சில நாட்களில் அந்த வேரிலும் சீட்டு காணப்பட்டது. வேர் பாஸ்பேட்டை அளவுக்கு மீறி மேலே ஏற்றியது. இந்த ஆராய்ச்சிகள் 2008-இல் வெளியாயின. கண்காணிப்பாளர் அறவே இல்லாத செடிகளில் இலைகளில் பாஸ்பேட் மிதமிஞ்சிச் சேர்ந்து, நுனி கருகிப்போவதையும் பார்த்திருக்கிறார்கள். பாஸ்பேட் அளவு மீறினால் பயிருக்கும் நஞ்சுதான்.

வயிறு நிறைந்த பயிர்

போகத்துக்குப் போகம் பழக்கத்தின் பேரில் டி.ஏ.பி. கொட்டப்படும் வயல்கள் ஏராளம். பக்கத்து வயல்காரர் இரண்டு மூட்டை போட்டால் நாமும் இரண்டு போடுவோம் என்று போடப்படுபவை அவை. அந்த வயல்களில் என்ன நடக்கிறது என்பது இப்போது தெளிவாகும்.

உயிரணுவில் எட்டுப் பாஸ்பேட் வளையம் நிறைந்துவிடுகிறது. மேஸ்திரி கட்டுண்டு கிடக்கிறார். ஏற்றங்கள் குறைகின்றன. வேர் முடிகள் குட்டையாகின்றன. பூசணத்துக்கு அனுப்பும் தூதும் நின்றுவிடுகிறது. வேர்ப் பூசணத்துக்குப் பயிர் தான் தயாரித்த உணவில் 20 சதவீதம் வரைகூடக் கொடுக்க வேண்டியிருக்கும். வயிறு நிறைந்த பயிர் அந்தக் கூலியைக் கொடுக்க விரும்புவதில்லை. பூசணத்தை உள்ளே அனுமதிப்பதும் இதே மேஸ்திரியின் உத்தரவில்தான் நடக்கிறது என்பதைச் சீன விஞ்ஞானிகள் நெல்லில் 2021-இல் காட்டினார்கள். மணிச்சத்து மிகுந்த நிலத்தில் காசு கொடுத்து வாங்கிய வேம் உரம் பலன் தரவில்லை என்று வரும் புகார்களில், குற்றம் பல நேரங்களில் உரத்தினுடையது அல்ல. பயிர் வாசற்கதவைச் சாத்திவிடுகிறது.

கூடுதலாகப் போட்டது மண்ணில் இருந்து அடுத்த பயிருக்கு உதவாதா என்றால், ஒரு பகுதி உதவும். இட்ட மணிச்சத்தில் அந்தப் போகத்துப் பயிர் எடுப்பது பெரும்பாலும் 15 முதல் 20 சதவீதம்தான். மீதி மண்ணோடு ஒட்டிக்கொள்கிறது. பல ஆண்டுகள் இப்படிச் சேர்ந்த வயல்களில் வங்கியில் போட்ட பணம் போல் மணிச்சத்து இருக்கிறது. அதை எடுத்துச் செலவு செய்யாமல் மேலும் கடன் வாங்கி உள்ளே போட்டுக்கொண்டிருப்பதுதான் வேடிக்கை. அதோடு நிற்பதில்லை. மணிச்சத்து மிகுந்தால் துத்தநாகம் பயிருக்குக் கிடைப்பது குறைகிறது. நட்ட சில வாரங்களில் இலைகளில் துருப் பிடித்தது போன்ற பழுப்புப் புள்ளிகள் தோன்றிப் பயிர் குன்றிப்போனால் அது பெரும்பாலும் துத்தநாகப் பற்றாக்குறையே. இதைக் கண்டு, பயிர் வளரவில்லையே என்று இன்னும் ஒரு மூட்டை டி.ஏ.பி. போடுவது எரியும் கொள்ளியில் எண்ணெய் ஊற்றுவதாகும்.

செம்மண்ணில் துவரை

பயிருக்குப் பயிர், ரகத்துக்கு ரகம் பசி தாங்கும் திறன் மாறுபடுகிறது. கிழக்கு இந்தியாவைச் சேர்ந்த காசலத் என்ற பழைய நெல் ரகம் மணிச்சத்துக் குறைந்த மண்ணிலும் நன்றாக வேர் விடுவது கவனிக்கப்பட்டது. அந்தக் குணம் எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்று ஜப்பானில் 1998-இல் கண்டார்கள். அதற்குக் காரணமான மரபணுவைப் பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தினர் 2012-இல் வெளியிட்டார்கள். இளம் பருவத்திலேயே வேரைப் பெருக்குவது அதன் வேலை. அதைச் சேர்த்த ஐ.ஆர்.64 நெல், மணிச்சத்து குறைந்த மண்ணில் கூடுதல் மகசூல் கொடுத்தது. நிறைய உரம் பெற்று வளர்ந்த நவீன ரகங்கள் பலவற்றில் இந்த மரபணு இல்லை. பழைய ரகங்களின் விதையைக் காப்பாற்றி வைக்க இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

துவரையின் சாமர்த்தியம் வேறு வகை. செம்மண்ணில் இரும்போடு இறுகிக் கிடக்கும் பாஸ்பேட்டைச் சோளமோ சோயாவோ எடுக்கத் திணறும்போது துவரை எடுத்துவிடுகிறது. ஐதராபாத் அருகே பட்டஞ்செருவில் உள்ள இக்ரிசாட் நிலையத்தில் இதை ஆராய்ந்தவர்கள், துவரை வேர் விடும் பிசிடிக் அமிலம் இரும்பைக் கவ்விக்கொண்டு பாஸ்பேட்டை விடுவிக்கிறது என்று 1990-இல் தெரிவித்தார்கள். மானாவாரிச் செம்மண்ணில் சோளத்தோடும் கடலையோடும் துவரையை ஊடுபயிராக விதைக்கும் பழைய பழக்கத்தில் எவ்வளவு விவேகம் இருந்திருக்கிறது!

வயலில் செய்ய வேண்டியது

மண்ணில் இருக்கும் இருப்பைத் தெரிந்துகொள்ளாமல் மணிச்சத்து இடுவது இருட்டில் அளப்பதாகும். 2015 முதல் வழங்கப்பட்டுவரும் மண்வள அட்டை வீட்டில் இருந்தால் அதை எடுத்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் பொதுவாகக் கையாளப்படும் அளவின்படி, கிடைக்கக்கூடிய பாஸ்பரஸ் ஹெக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழே இருந்தால் குறைவு. 22 கிலோவுக்கு மேல் இருந்தால் அதிகம். அட்டை பழையதாகிவிட்டால் புதிதாக மண் மாதிரி எடுக்கலாம். வரப்பு ஓரம், மர நிழல், எருக் குவித்த இடம் ஆகியவற்றை விட்டுவிட்டு, வயலில் 10 முதல் 15 இடங்களில் மேல் மண்ணிலிருந்து 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில் குழி வெட்டி, பக்கச் சுவரைச் சீவி எடுத்து, ஒன்றாகக் கலந்து, அரை கிலோவாகக் குறைத்து அனுப்ப வேண்டும். உரம் இட்ட உடனே எடுத்த மண்ணால் பயனில்லை.

பரிசோதனை செய்யாத நிலையில் காவிரி டெல்டா நெல்லுக்குப் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 50 கிலோ மணிச்சத்து. அதாவது ஏக்கருக்கு 20 கிலோ. ஒரு மூட்டை டி.ஏ.பி.யிலேயே 23 கிலோ மணிச்சத்தும் 9 கிலோ தழைச்சத்தும் இருக்கின்றன. எனவே ஏக்கருக்கு ஒரு மூட்டைக்கு மேல் போட வேண்டிய அவசியமே இல்லை. டி.ஏ.பி. தட்டுப்பாடான சமயங்களில் கடை கடையாக அலைவதற்குப் பதில் சூப்பர் பாஸ்பேட் 125 கிலோ இட்டால் அதே மணிச்சத்து கிடைத்துவிடும். சுண்ணாம்பும் கந்தகமும் கூடவே கிடைக்கும். தழைச்சத்தை மட்டும் யூரியாவாகத் தனியே சேர்க்க வேண்டும். மணிச்சத்து உரத்துக்கு வேண்டிய பாறையும் அமிலமும் பெரும்பாலும் மொராக்கோ, ஜோர்டான் போன்ற வெளிநாடுகளிலிருந்து வருபவை. அங்கே ஒரு தடங்கல் ஏற்பட்டால் இங்கே கடையில் மூட்டை காலியாகிறது.

வளம் குறைந்த நாற்றங்காலில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. விதைக்குள் இருந்த சேமிப்பு தீர்ந்ததும் நாற்றுக்குப் பசி தொடங்கிவிடும். அந்தச் சமயத்தில் வேர் சிறியது, எட்டும் தூரமும் குறைவு. 20 முதல் 25 நாளில் பறிக்கும் நாற்றுக்கு, கடைசி உழவில் சென்ட்டுக்கு 2 கிலோ டி.ஏ.பி. இடும்படி வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. நிறைந்த குதிரோடு வயலுக்குப் போகும் நாற்று சீக்கிரம் வேர் பிடிக்கும்.

பரிசோதனையில் மணிச்சத்து அதிகம் என்று தெரிந்த வயலில் துணிந்து அளவைக் குறைக்கலாம். பாஸ்போபாக்டீரியா ஏக்கருக்கு 4 பொட்டலத்தை 10 கிலோ மக்கிய தொழுஉரத்தோடும் 10 கிலோ மணலோடும் கலந்து நடவுக்கு முன் தூவினால், மண்ணில் பிடிபட்டுக் கிடப்பதில் ஒரு பகுதி கரைந்து வரும். இதை ரசாயன உரத்தோடு சேர்த்துக் கலக்கக் கூடாது. தண்ணீர் கட்டிய நெல் வயலில் இரும்போடு இணைந்த பாஸ்பேட் தானாகவே ஓரளவு விடுபடுவதால், நெல்லை அடுத்து வரும் மானாவாரிப் பயிரைவிட நெல்லுக்கே மணிச்சத்து எளிதாகக் கிடைக்கிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். துத்தநாகக் குறை தெரிந்த வயலுக்கு ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ மணலுடன் கலந்து தனியாகத் தூவலாம்; மணிச்சத்து உரத்தோடு கலந்து தூவக் கூடாது.

தண்ணீர் வடிந்த பிறகு நெல் தரிசில் வரும் உளுந்து, பச்சைப் பயறின் நிலைமை வேறு. உழவும் இல்லை, அடியுரமும் இல்லை. மேல் மண் காயக் காய, இருக்கும் பாஸ்பேட்டும் நகர முடியாமல் நின்றுவிடும். மண்ணில் இருப்பு இருந்தும் உயிரணு பசியைத்தான் காட்டும். காய் பிடிக்கும் நேரத்தில் வேரை நம்பிப் பயனில்லை என்பதால் இலை வழியாக ஊட்ட வேண்டியிருக்கிறது. ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை 10 லிட்டர் தண்ணீரில் முதல் நாள் மாலை ஊறவைத்து, மறுநாள் கலக்காமல் மேலே தெளிந்த நீரை மட்டும் வடிகட்டி, 190 லிட்டர் தண்ணீர் சேர்த்து மாலை வேளையில் தெளிக்க வேண்டும். பூக்கத் தொடங்கியதும் ஒரு முறை, 15 நாள் கழித்து மறுமுறை தெளிப்பது போதுமானது. அடியில் தங்கும் கசடைத் தெளிப்பானில் ஊற்றினால் முனை அடைத்துக்கொள்ளும். அதை எருக்குழியில் கொட்டிவிடலாம்.